தொட்டிக்குள் ஒரு குளம் – ஒரு குட்டி வரலாறு



இந்தத் தடவை ராஜா கதை, போர்க் கதை எதுவும் இல்லை. ஒரு தொட்டியின் கதை. வீட்டுக்குப் பின்னாலோ மொட்டை மாடியிலோ ஒரு சிமெண்ட் தொட்டி, அது இல்லாவிட்டால் பாதியாக வெட்டிய நீல நிற டிரம். அடியில் கொஞ்சம் களிமண், நடுவில் ஒரு அல்லிக்கொடி, உள்ளே நாலைந்து மீன். இதற்குத் தொட்டிக்குளம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

எங்கள் பென்னலூர்ப் பக்கம் இதை வைப்பது ரொம்பச் சுலபம். ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர், தெற்கே ஒரகடம். தொழிற்சாலைகளில் இருந்து கழித்துப்போட்ட டிரம்முக்குக் காயலான் கடைகளில் பஞ்சமே இல்லை. ஆனால் "தொட்டியில் தண்ணீர் விட்டு மீன் வளர்க்கப் போகிறேன்" என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். முதல் பதில், "கொசு வரும்." இரண்டாவது பதில், "கார்ப்பரேஷன்காரன், பஞ்சாயத்துக்காரன் வந்தால் ஃபைன் போடுவான்."

இரண்டுமே உண்மைதான். ஆனால் இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பயத்துக்கு மருந்தாக வந்த மீனுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த மருந்தே பிறகு நோயாக மாறியதுதான் அதைவிடப் பெரிய கதை. வாங்க, வரிசையாகப் பார்ப்போம்.

ஏரி இருக்கும்போது தொட்டி எதற்கு?

முதலில் ஒரு கேள்வி. நம் ஊரில் பழைய காலத்தில் தொட்டிக்குளம் இருந்ததா?

மாட்டுக்குக் கழுநீர்த் தொட்டி இருந்தது. முற்றத்தில் கை கால் கழுவத் தொட்டி, கிணற்றடியில் கல்தொட்டி இருந்தன. இவை எல்லாமே தினமும் இறைத்துத் தினமும் காலியாகும் தண்ணீர். மீனும் பூவும் வைத்து அழகு பார்க்கத் தனியாக ஒரு தொட்டி வேண்டிய அவசியம் இங்கே பெரிதாக இருக்கவில்லை. காரணம் சுலபம்... வீட்டை விட்டு வெளியே வந்தால் ஏரி, கோயிலுக்குப் போனால் குளம். ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்கு அனந்த சரஸ் இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பகுதியையே ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். அல்லியும் மீனும் ஊருக்கே பொதுவாக இருந்தன.

பொது என்றால் யாரும் கவனிக்காதது என்று அர்த்தம் இல்லை. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அங்கே வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக எல்லோரும் பள்ளியில் படித்திருப்போம். அந்தக் குடவோலையில் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலான வாரியங்களுக்கு உறுப்பினர்களை! வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும், கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்றெல்லாம் விதிகள். தேங்கி நிற்கும் தண்ணீருக்குப் பொறுப்பாளி ஒருவர் வேண்டும் என்பது ஆயிரம் வருடத்துக்கு முன்பே இங்கே எழுதிவைத்த விஷயம்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் கதையும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கப் போகிறது.

சீனத்துத் தொட்டியும் லண்டன் தொட்டியும்

மீனைக் குளத்திலிருந்து தொட்டிக்கு மாற்றியதில் முன்னோடிகள் சீனர்கள். சாதாரணக் கெண்டை வகை மீனில் அபூர்வமாகப் பிறந்த சிவப்பு, மஞ்சள் நிறக் குஞ்சுகளை அவர்கள் தனியாகப் பாதுகாத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் சோங் அரசவை ஹாங்சோ நகரில் தங்கமீன்களுக்கென்றே குளம் அமைத்தது. பிறகு மிங் வம்ச காலத்தில் (1368–1644) மீன்கள் குளத்திலிருந்து பீங்கான் தொட்டிகளுக்கும் மண் தொட்டிகளுக்கும் வந்தன. 1596-ல் சாங் சியாந்தே என்பவர் இந்த மீன்களைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

தொட்டிக்கு வந்த பிறகு மீனே மாறிப்போனது. குளத்தில் வித்தியாசமாகப் பிறந்த குஞ்சு கூட்டத்தில் கலந்து மறைந்துவிடும். தொட்டியில் அதைத் தனியே எடுத்து வைத்து வளர்க்கலாம், அதே மாதிரி இன்னொன்றோடு சேர்க்கலாம். இரட்டை வால், உருண்டை உடம்பு, பிதுங்கிய கண் எல்லாம் அப்படி வந்தவைதான். தொட்டியில் மேலிருந்துதானே பார்க்க முடியும்? அதனால் மேலிருந்து பார்த்தால் அழகாகத் தெரியும் மீன்களையே தேர்ந்தெடுத்தார்கள். ஆக, மனிதன் தொட்டியைச் செய்தான், தொட்டி மீனைச் செய்தது!

ஆனால் சீனத்துத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "தண்ணீர் மாற்றாமல் மீன் உயிரோடு இருக்குமா?" என்று கேட்டவர் லண்டனில் இருந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர். 1849-ல் சுமார் 12 காலன் (ஏறக்குறைய 54 லிட்டர்) கொள்ளும் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை எடுத்தார். அடியில் மணலும் மண்ணும், ஒரு வாலிஸ்நேரியா நீர்ச்செடி, இரண்டு தங்கமீன். கணக்கு என்னவென்றால், மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும்.

கணக்கு சரிதான். ஆனால் கொஞ்ச நாளில் செடியின் பழைய இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கியது, பாசி படர்ந்தது. வாரிங்டன் என்ன செய்தார் தெரியுமா? குளத்து நத்தைகளைக் கொண்டுவந்து போட்டார். நத்தை அழுகிய இலையையும் பாசியையும் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது! 1850-ல் இதை லண்டன் வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகக் கொடுத்தார். 1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் காட்சியகம் வந்தது. 1854-ல் பிலிப் காஸ் என்பவர் எழுதிய நூலால் 'அக்வேரியம்' என்ற பெயர் பரவியது. நம் சென்னை மெரினாவிலும் 1909-ல் ஒரு மீன் காட்சியகம் திறந்தார்கள்.

வாரிங்டன் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம். செடி மட்டும் போதாது, மீன் மட்டும் போதாது, கழிவைத் தின்ன ஒரு ஆளும் வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் அது குளம். இல்லாவிட்டால் வெறும் தேங்கிய தண்ணீர்.

தேங்கிய தண்ணீர் என்றால்? அதேதான்... கொசு!

பெங்களூரில் ஒரு பீப்பாய்

ரொனால்ட் ராஸ் பெயரை எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். 1897 ஆகஸ்ட் 20-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டவர். 1902-ல் நோபல் பரிசு வாங்கியவர். ஆனால் அதற்குப் பல வருடம் முன்னால் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் நம் கதைக்கு முக்கியம்.

1883-ல் ராஸ் பெங்களூரில் ராணுவ மருத்துவராக இருந்தார். அவருடைய பங்களாவில் மற்ற வீடுகளைவிடக் கொசு அதிகம். தேடிப் பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்ப் பீப்பாய், அது முழுக்கக் கூத்தாடிப் புழு. பீப்பாயைக் கவிழ்த்தார், கொசு குறைந்துவிட்டது. மற்ற இடங்களிலும் இப்படியே செய்யலாமே என்று அங்கிருந்த அதிகாரியிடம் சொன்னபோது, அது இயற்கைக்கு விரோதம் என்கிற மாதிரி அவர் மறுத்துவிட்டாராம். பின்னாளில் ராஸ் எழுதிய தன் வரலாற்றில் இது வருகிறது.

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதே தெரியாத காலம் அது. ஆனால் "தொட்டியைக் கவிழ்" என்ற உத்தரவு அங்கேயே பிறந்துவிட்டது. இன்று சுகாதார ஊழியர்கள் வீட்டுக்கு வீடு வந்து சொல்வதும் இதைத்தானே?

1901-ல் லிஸ்டன் என்பவர் ஒரு கொசு இனத்தை விவரித்தார். அதன் பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. மற்ற மலேரியாக் கொசுக்கள் வயலையும் காட்டு ஓடையையும் தேடும். இது நகரத்துக் கொசு. கிணறு, தொட்டி, மேல்நிலைத் தொட்டி என்று மனிதன் கட்டிவைத்த சுத்தமான தண்ணீரையே தேடும். சென்னை மலேரியாவுக்கு முக்கியக் காரணம் இதுதான்.

பம்பாயில் 1911-ல் பென்ட்லி என்ற அதிகாரி, நகரத்து மலேரியாவுக்கு வீட்டுக் கிணறுகளே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். கிணறுகளை மூடச் சொன்னார்கள். பார்சிகளும் இந்துக்களும் ஜைனர்களும் எதிர்த்தார்கள். பூஜைக்குக் கிணற்றுத் தண்ணீர்தான் வேண்டும், குழாய்த் தண்ணீர் ஆகாது என்பது அவர்கள் வாதம். நிறையக் கிணறுகள் மூடப்பட்டன, சில தப்பின. 1725-ல் தோண்டிய பிகா பெஹ்ராம் கிணறு மும்பை சர்ச்கேட் பக்கம் இன்றும் இருக்கிறது.

இங்கே இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் வேண்டும், கொசு வேண்டாம். நடுவழி ஏதாவது உண்டா?

உண்டு. மீன்!

மீனைத் தேடி

கூத்தாடியை மீன் தின்னும் என்பது குளத்தங்கரையில் விளையாடிய எந்தப் பையனுக்கும் தெரியும். எந்த மீன், எவ்வளவு நன்றாகத் தின்னும் என்பதுதான் கேள்வி. 1912-ல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருந்து ஸீவெல், சௌத்ரி என்ற இருவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார்கள். கொசுவை ஒழிக்கப் பயன்படும் இந்திய மீன்கள் எவை என்பதே அதன் பொருள். கவனியுங்கள்... இந்திய மீன்கள். நம் குளத்திலும் வாய்க்காலிலும் ஏற்கெனவே இருக்கிற மீன்கள்.

அந்த வரிசையில் முக்கியமானவை பாஞ்சாக்ஸ் வகை மீன்கள். விரல் நீளம்கூட இருக்காது. தட்டையான தலை, மேல்நோக்கிய வாய், உச்சந்தலையில் வெள்ளிக் காசு ஒட்டின மாதிரி ஒரு புள்ளி. தண்ணீரின் மேல்மட்டத்திலேயே திரியும். கூத்தாடி மூச்சு விட மேலே வந்துதான் ஆக வேண்டும், வந்தால் இதன் வாய்க்குள்!

இதில் நமக்குப் பெருமையான ஒரு சங்கதியும் உண்டு. 1916-ல் பி. சுந்தர ராஜ் என்பவர் சென்னையின் நன்னீர் மீன்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்தவர். அந்தக் கட்டுரையில் பாஞ்சாக்ஸ் வகையில் மிகச் சிறிய ஒன்றைப் புதிதாக விவரித்து 'பார்வஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'சிறியது' என்று அர்த்தம். நம்ம ஊர் மீன், நம்ம ஊர் விஞ்ஞானி!

இன்னொன்றும் இருக்கிறது. ஏரியோரப் பள்ளத்திலும் நெல்வயலிலும் வாழும் ஒரு குட்டி மீன். காற்றையும் சுவாசிக்கும் என்பதால் கலங்கிய தண்ணீரிலும் பிழைக்கும். 1831-ல் பிரெஞ்சு விஞ்ஞானி குவியே இதற்கு 'குபானஸ்' என்று பெயர் வைத்தார். எங்கிருந்து வந்த பெயர் என்று நினைக்கிறீர்கள்? புதுச்சேரிக்குப் பக்கத்து அரியாங்குப்பம் ஆறு! 'குப்பம்' என்பதுதான் பிரெஞ்சுக்காரர் வாயில் 'குபான்' ஆகி லத்தீனுக்குப் போயிருக்கிறது.

(சும்மா ஒரு கொசுறு: எல்லா உள்ளூர் மீனும் தொட்டிக்கு ஆகாது. 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, ஒரு மீன் பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதினார். பனையேறிக் கெண்டை என்று நாம் சொல்லும் மீன்தான். அதைத் தொட்டியில் விட்டால் காலையில் தொட்டியில் இருக்காது, வாசலில் இருக்கும்!)

சரி. உள்ளூர் மீன்களின் பட்டியல் 1912-லேயே கையில் இருந்தது. அப்புறம் என்ன ஆனது? 1928-ல் இத்தாலியில் இருந்து கம்பூசியா என்ற மீனை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள்!

கம்பூசியாவின் சொந்த ஊர் அமெரிக்காவின் தென்பகுதி. முட்டை போடாமல் நேராகக் குஞ்சு போடும், அதனால் வேகமாகப் பெருகும். எந்தத் தண்ணீரிலும் பிழைக்கும். பெட்டியில் அடைத்து ஊர் ஊராக அனுப்பலாம். அரசாங்கத்துக்கு இதைவிட வசதியான மீன் உண்டா? 'கொசு மீன்' என்ற பெயரோடு உலகம் முழுக்கப் போனது. கூடவே கப்பி மீனும் பரவியது. தென் அமெரிக்காவின் வடபகுதியும் டிரினிடாட் தீவும் அதன் சொந்த ஊர். டிரினிடாடில் இருந்து அந்த மீனை லண்டனுக்கு அனுப்பிய கப்பி என்பவரின் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. இந்த இரண்டும்தான் கிணற்றிலும் தொட்டியிலும் விடுவதற்கென்று அதிகம் கையாளப்பட்ட மீன்கள்.

தொட்டியிலிருந்து ஏரிக்கு

கிணற்றுக்குள் விட்ட கம்பூசியா கிணற்றுக்குள்ளேயே இருந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் குளம், ஏரி, வாய்க்கால் எல்லாவற்றிலும் விட்டார்கள். அங்கே அது கூத்தாடியை மட்டுமா தின்றது? மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றது. தன்னைவிடப் பெரிய மீனின் வாலைக் கடித்தது. தவளையின் தலைப்பிரட்டையையும் விடவில்லை. கொசுவைக் காலகாலமாகத் தின்றுகொண்டிருந்த உள்ளூர் மீன்களையே பல இடங்களில் விரட்டிவிட்டது. 1925-ல் இதை வரவழைத்த ஆஸ்திரேலியாவில் இன்று இது ஒழிக்க வேண்டிய மீன். உலகின் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட பட்டியலிலும் கம்பூசியா உண்டு.

இதே கதை செடியிலும் நடந்தது. ஏரியை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை (வெங்காயத்தாமரை என்றும் சொல்வார்கள்) பார்த்திருப்பீர்கள். அதன் ஊதாப் பூ அழகாக இருக்கிறது என்றுதான் அமேசான் பகுதியில் இருந்து தோட்டத்துத் தொட்டிகளுக்கு எடுத்துப்போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்கத்துக்கு வந்தது. ஆறுகளில் படகு போகமுடியாத அளவுக்குப் பரவி, 1936-ல் வங்கத்தில் இதை ஒழிக்க ஒரு சட்டமே போட வேண்டியதாயிற்று. தொட்டியில் பூ, ஏரியில் பேய்!

மூன்றாவது, இன்று நம் கண்முன் நடப்பது. சென்னை கொளத்தூர் இந்தியாவின் பெரிய வண்ணமீன் சந்தைகளில் ஒன்று. அந்தப் பக்கம் நிறையக் குடும்பங்கள் வீட்டுப் பின்புறச் சிமெண்ட் தொட்டிகளிலேயே மீன் வளர்த்துப் பிழைக்கின்றன. நல்ல தொழில், திறமையான ஆட்கள். பிரச்சினை அவர்களிடம் இல்லை, வாங்கிப்போகும் நம்மிடம் இருக்கிறது. பாசி தின்னும் 'டேங்க் கிளீனர்' என்று விரல் அளவில் ஒரு மீனை வாங்குகிறோம். அது தென் அமெரிக்க மீன், அடி நீளத்துக்கு வளரும். தொட்டி போதாமல் ஆனதும் "பாவம், கொல்ல மனசு வரவில்லை" என்று ஏரியில் விட்டுவிடுகிறோம். முள்ளும் ஓடுமாக இருக்கும் அந்த மீன் இப்போது தமிழ்நாட்டு ஏரிகளில் மீனவர் வலையைக் கிழிக்கிறது. இரக்கம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு.

ஆக மூன்றும் ஒரே கதை. தொட்டியில் வைத்தது தொட்டியில் நிற்பதில்லை.

பிளாஸ்டிக் காலமும் மன்னார்க் கிணறும்

சட்டமும் சும்மா இருக்கவில்லை. 1939-ல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசுக் கட்டுப்பாட்டுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. வீட்டில் கொசு உற்பத்தியாகும்படி தண்ணீர் தேங்க விடக்கூடாது, அது குடியிருப்பவரின் பொறுப்பு. 1971-ல் மத்திய அரசின் நகர்ப்புற மலேரியாத் திட்டம் வந்தது. கூத்தாடியை அது பிறக்கும் தண்ணீரிலேயே ஒழிப்பதுதான் அதன் வழி. மருந்து, மூடி ஆகியவற்றோடு மீனும் அதில் ஒரு ஆயுதம்.

இதற்கிடையே இன்னொரு கொசு முன்னுக்கு வந்தது. ஆப்பிரிக்காவில் இருந்து கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் உலகம் சுற்றிய ஏடிஸ். 1964-ல் சென்னையில் சிக்குன்குனியா பெரிய அளவில் பரவியது. 2006-ல் அது திரும்பவும் வந்தது. டெங்கு 2012-லும் 2017-லும் தமிழ்நாட்டை உலுக்கியது. ஏடிஸுக்குக் குளம் குட்டை தேவையில்லை. டயர், தேங்காய்ச் சிரட்டை, பெயிண்ட் டப்பா, தண்ணீர் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் டிரம் போதும். எங்கள் பகுதியில் வேலைக்கு வந்து வாடகை அறைகளில் தங்கியிருப்பவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் டிரம்மில் பிடித்து வைக்கிறார்கள். டெங்குவுக்கு அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தண்ணீர் ஒழுங்காக வந்தால் யார் டிரம் வைக்கப் போகிறார்கள்?

மலேரியாக் கொசுவும் ஓயவில்லை. 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் ஸ்டீபன்சி கண்டுபிடிக்கப்பட்டது. இலங்கை 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. அதே வருடம் டிசம்பரில் மன்னாரில், கிணற்றுத் தண்ணீரில், ஸ்டீபன்சி முதல் தடவையாகத் தென்பட்டது! அங்கே எடுத்த நடவடிக்கைகளில் ஒன்று கிணறுகளில் மீன் விடுவது. 1911 பம்பாயும் 2016 மன்னாரும் ஒரே கேள்வியின் முன்னால் நிற்கின்றன.

பென்னலூரில் வைப்பதானால்...

இவ்வளவு படித்த பிறகு தொட்டிக்குளமே வேண்டாம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. செடியும் மீனும் நத்தையும் உள்ள தொட்டியைவிட, மூடாமல் விட்ட டிரம்மும் மறந்துபோன டயரும்தான் ஆபத்து. ஆனால் வரலாறு சொன்னதைக் கேட்டு வைக்க வேண்டும்.

முதல் விஷயம், பாத்திரம். எண்ணெயோ ரசாயனமோ வந்த டிரம் வேண்டவே வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது. உணவுப் பொருள் வந்த டிரம் என்று உறுதியாகத் தெரிந்தால் எடுக்கலாம். புதுச் சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு ஊறி வரும், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொட்ட வேண்டும். அளவு 60 லிட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். சின்னத் தொட்டி சித்திரை வெயிலில் கொதித்துவிடும்.

அடுத்தது, வாரிங்டனின் மூன்று பேர். அடியில் களிமண், மேலே ஒரு விரல் மணல், அதில் அல்லி. அல்லி பூக்க நாலைந்து மணி நேர வெயிலாவது வேண்டும். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக இரண்டு நாள் திறந்து வையுங்கள், மழைத் தண்ணீர் கிடைத்தால் அதைவிட நல்லது. செடி வேர் பிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை மீன் இல்லாத தொட்டியில் கூத்தாடி வரும், அதனால் கொசுவலைத் துணியால் மூடி வையுங்கள். பிறகு நாலைந்து சிறு மீன், இரண்டு நத்தை. வாரத்தில் ஒரு நாள் குனிந்து பார்க்க வேண்டும். நம் வெயிலில் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு, எட்டு நாளே போதும்.

மூன்றாவதுதான் முக்கியம். எந்த மீன்? கடையில் கப்பி சுலபமாகக் கிடைக்கும். மூடிய தொட்டிக்கு அது சரி, ஆனால் அதை வெளித்தண்ணீரில் விடவே கூடாது. என் கட்சி உள்ளூர் மீன் கட்சி. தலையில் வெள்ளிப்புள்ளி மின்னும் அந்தக் குட்டி மீன்கள் ஏரி வாய்க்கால்களில் இன்னும் இருக்கின்றன. ஏரி மீன் பிடிப்பது குத்தகையில் இருக்கும், அதனால் குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நாலு மீன் எடுங்கள், நாற்பது வேண்டாம்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், எங்கள் தண்ணீர் போகும் வழி அப்படி. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அந்த ஏரி சென்னையின் குடிநீர், அதன் உபரி அடையாற்றில் கலக்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்தில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டபோது என்ன ஆனது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு மழையில் தொட்டி, தெரு, ஏரி, ஆறு எல்லாம் ஒரே தண்ணீர்தான். ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியைக் கூரைக்குக் கீழ் நகர்த்துங்கள், இல்லாவிட்டால் விளிம்பில் வலை கட்டுங்கள்.

இனி வளர்க்க முடியாது, ஊரை விட்டுப் போகிறோம் என்றால் மீனை இன்னொரு வளர்ப்பவரிடம் கொடுங்கள். செடியை வெயிலில் காயவைத்து உரமாக்குங்கள். தொட்டியைக் கவிழ்ப்பது மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை தண்ணீர் விளிம்பில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும்.

உத்திரமேரூரில் ஏரிக்கு ஒரு வாரியம் இருந்தது. நம் தொட்டிக்கு வாரியம் நாமேதான். தேர்தல் கிடையாது, குடவோலை கிடையாது. ஆனால் கணக்குக் காட்ட வேண்டியது மட்டும் உண்டு... பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும், கீழே இருக்கும் ஏரிக்கும்!

அந்த வெள்ளிப்புள்ளி மீனை உங்கள் ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள். மீன் போவதற்கு முன்னால் அதன் பெயர் போய்விடும் போலிருக்கிறது.